குழாய் எரிவாயுவில் ஹைட்ரஜன்: நம் அடுக்களைக்கு வந்தால் என்ன கேட்க வேண்டும்?

மாட்டுங்கா செயலாளர்:

சூரத்துக்கு அருகே காவாஸில் உள்ள என்.டி.பி.சி. என்ற அரசு மின் நிறுவனத்தின் ஊழியர் குடியிருப்பில், 2023 ஜனவரியிலிருந்து, சமையலறைக்கு வரும் குழாய் எரிவாயுவில் ஹைட்ரஜனைக் கலந்து வழங்கத் தொடங்கினார்கள். கன அளவில் 5 சதவீதத்தில் தொடங்கி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதலோடு படிப்படியாக 20 சதவீதம் வரை உயர்த்துவது அத்திட்டத்தின் நோக்கம். இந்தச் செய்தியை யாரோ மும்பையில் உள்ள எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட, அன்றிலிருந்து ஒரே கலக்கம். ஒருவர் ஹைட்ரஜன் குண்டு என்கிறார். இன்னொருவர் 1937-இல் எரிந்து விழுந்த ஹிண்டன்பர்க் வான்கப்பலின் படத்தைப் போடுகிறார்.

எங்கள் கட்டடத்துக்கு அப்படி எந்த அறிவிப்பும் வரவில்லை. ஆயினும், வந்தால் சங்கத்தின் சார்பில் என்ன கேட்க வேண்டும் என்பதை இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். எங்களுடையது பழைய கட்டடம். இரும்புக் குழாய் வெளிச்சுவரில் ஏறி, சமையலறைச் சன்னலுக்கு மேலே துளையிட்டு உள்ளே வருகிறது. மீட்டரும் உள்ளேயே இருக்கிறது. கசிவு கூடுமா, கசிந்தால் எளிதில் தீப்பிடிக்குமா, இப்போதுள்ள அடுப்பே போதுமா என்பதை இத்துறையில் வேலை பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். பருவநிலை அரசியல் இந்த இழையில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செம்பூர் ஓய்வாளர்:

ட்ராம்பே பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையொன்றில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஹைட்ரஜனோடு நெடுநாள் பழகியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஹைட்ரஜன் குண்டை ஒதுக்கிவிடுவோம். அது அணுக்கரு வினை. அடுப்பில் நடப்பது சாதாரண எரிதல். இரண்டுக்கும் பெயரைத் தவிர உறவு எதுவும் இல்லை.

அச்சத்துக்கு நியாயமான காரணங்கள் வேறு இருக்கின்றன. இன்றைய குழாய் எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன்; அது காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பற்றும். ஹைட்ரஜனுக்கு அந்த எல்லை 4 முதல் 75 சதவீதம் வரை விரிகிறது. மீத்தேனைப் பற்றவைக்க ஏறத்தாழ 0.28 மில்லிஜூல் பொறி வேண்டும், ஹைட்ரஜனுக்கு 0.02 மில்லிஜூல் போதும். சுடர் பரவும் வேகம் மீத்தேனில் நொடிக்கு 40 சென்டிமீட்டர் அளவு. ஹைட்ரஜனில் 3 மீட்டரை நெருங்கும். இந்த எண்களை மட்டும் படித்தவர் பயப்படாமல் இருந்தால்தான் வியப்பு.

ஆனால் இவை தூய ஹைட்ரஜனுக்கு உரியவை. 20 சதவீதக் கலவைக்குக் கணக்கிட்டால் தீப்பற்றும் கீழ் எல்லை 4.8 சதவீதமாகவும், மேல் எல்லை 18 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வருகின்றன. ஒரு கசிவில் அறையின் காற்று முதலில் எட்டுவது கீழ் எல்லையைத்தான். அது ஏறக்குறைய அசையவே இல்லை. பொறி ஆற்றல் குறைவதும் சமையலறையைப் பொறுத்தவரை பெரிய மாற்றமன்று. ஏனெனில் மின்விசிறியின் சுவிட்சு, குளிர்பதனப் பெட்டியின் உள்ளே இயங்கும் தானியங்கிச் சுவிட்சு, அடுப்பு பற்றவைக்கும் லைட்டர் ஆகிய எல்லாமே மீத்தேனைப் பற்றவைக்க இன்றே போதுமானவை. கசிந்த எரிவாயு தீப்பற்றும் செறிவில் நிற்கும் அறையில் பொறி எங்கிருந்தாவது வந்துவிடும் என்று வைத்துத்தான் நாங்கள் எப்போதும் கணக்குப் போடுவோம்.

கசிவின் அளவுக்கு வருவோம். ஒரே துளை, ஒரே அழுத்தம் என்றால், வாயு இலேசாக இலேசாகக் கூடுதல் கன அளவு வெளியேறும். தூய ஹைட்ரஜன் மீத்தேனைப் போல மூன்று மடங்கு வரை கசியக்கூடும். 20 சதவீதக் கலவையிலோ அது பத்து சதவீதக் கூடுதலாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் கலவையின் ஒவ்வொரு கன மீட்டரிலும் வெப்பம் 14 சதவீதம் குறைவு என்பதால், கசிந்து வெளியேறும் எரியாற்றல் இன்றைய அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். கசிந்தபின் ஹைட்ரஜன் தனியாகப் பிரிந்து மேலே போய்க் கூரைக்கடியில் தேங்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒருமுறை கலந்த வாயுக்கள் அப்படித் தாமாகப் பிரிவதில்லை.

பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. 2015-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 20 சதவீதம் வரையிலான கலவையால் வலையமைப்பிலோ வீட்டுக் கருவிகளிலோ பொதுமக்களுக்கான அபாயம் கூட வாய்ப்பில்லை என்ற முடிவுக்கே வந்தது. கலவை 40, 50 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் மூடிய அறையில் வெடிப்பின் அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. என் முதல் விடை இது: மண்ணுக்குள் இருக்கும் குழாயையும் சுவரில் ஏறும் குழாயையும் பற்றி உங்கள் சங்கம் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. அடுப்பைப் பற்றிய கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

முலுண்டு மூத்தவர்:

இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. 1865-இலேயே இந்த நகரத்தின் தெருக்களில் எரிவாயு விளக்குகள் எரிந்தன. அது நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த வாயு. அதில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன், போதாக்குறைக்கு நச்சான கார்பன் மோனாக்சைடும் சேர்ந்திருந்தது. லண்டனும் கல்கத்தாவும் அதே வாயுவில்தான் விளக்கேற்றின. ஹாங்காங்கில் இன்றும் வீடுகளுக்குக் குழாயில் வரும் வாயுவில் பாதிக்கு அருகில் ஹைட்ரஜன்தான், சிங்கப்பூரிலும் அப்படியே. அங்கே நம்மைவிட நெருக்கமான அடுக்குமாடிகளில் மக்கள் நிம்மதியாகச் சமைக்கிறார்கள். பாதி ஹைட்ரஜனைத் தாங்கியவர்களுக்கு ஐந்து சதவீதம் ஒரு பொருட்டா? பழையதை மறந்துவிட்டுப் புதிய பெயரில் பயம் காட்டுவது நம் ஊடகங்களின் வழக்கம்.

செம்பூர் ஓய்வாளர்:

முலுண்டு ஐயா சொன்ன உண்மைகள் சரியானவை; அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

பிரிட்டன் நிலக்கரி வாயுவிலிருந்து வடகடல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 1967 முதல் 1977 வரை பத்தாண்டுகள், தெருத்தெருவாகச் சென்று, ஏறத்தாழ 4 கோடிக் கருவிகளின் பர்னர்களை மாற்றினார்கள். குழாய்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன, மாற்றப்பட்டவை பர்னர்கள். ஹாங்காங்கில் விற்கும் அடுப்பு அந்த ஊர் வாயுவுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஆகவே அந்த வரலாறு நமக்குச் சொல்வது, ஹைட்ரஜன் ஆபத்தற்றது என்பதைவிட, எந்த வாயு வருகிறதோ அந்த வாயுவுக்கேற்ற பர்னர் இருக்க வேண்டும் என்பதையே.

இப்போது நம் அடுப்புகளை எண்ணிப்பாருங்கள்.

சயான் சமையற்கட்டு:

அதைத்தான் நானும் கேட்க வந்தேன் ஐயா. எங்கள் வீட்டு அடுப்பு சிலிண்டர் காலத்தில் வாங்கியது. குழாய் இணைப்பு வந்த அன்று தொழிலாளி ஒருவர் வந்து, பர்னருக்குக் கீழே இருந்த ஜெட்டைக் கழற்றிப் பெரிய துளையுள்ள வேறொன்றைப் பொருத்தினார், எரித்துப் பார்த்தார், போய்விட்டார். எங்கள் மாடியில் உள்ள எல்லா வீடுகளிலும் இதே கதைதான். சிலருடைய அடுப்பில் சுடர் நீலமாகச் சீராக எரிகிறது. சிலருடையதில் மஞ்சள் நுனி தெரிகிறது. ஒரு வீட்டில் சிறு தீயில் வைத்தால் "டப்" என்று ஓர் ஒலியோடு உள்ளே போய் எரிகிறது. ஹைட்ரஜன் கலந்தால் இந்த அடுப்புகள் என்ன செய்யும்? பால் பொங்கித் தீ அணைந்துவிட்டால் வாயு தானாக நிற்கும் வசதியும் எங்கள் அடுப்பில் கிடையாது.

செம்பூர் ஓய்வாளர்:

அம்மா, இந்த இழையின் மிகத் தேவையான கேள்வி உங்களுடையதுதான். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த "டப்" ஒலிக்குக் காரணம் சுடர் பின்வாங்குவது. பர்னர் துளையிலிருந்து வாயுவும் காற்றும் கலந்து வெளிவரும் வேகமும், சுடர் அவற்றை நோக்கிப் பின்னேறும் வேகமும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும்போதுதான் சுடர் துளையின் வாயில் நிலைத்து நிற்கும். சிறு தீயில் வெளிவரும் வேகம் குறைகிறது. துளை தேய்ந்து அகன்றிருந்தாலோ பர்னர் மூடி சரியாக அமரவில்லை என்றாலோ இன்னும் குறைகிறது. அப்போது சுடர் உள்ளே போய் ஜெட்டின் அருகில் எரியும், பர்னர் சூடேறும், எரிதல் முழுமையாக நடக்காது. ஹைட்ரஜன் கலந்தால் சுடரின் வேகம் கூடும். 20 சதவீதத்தில் அந்தக் கூடுதல் சிறியதுதான். சீராக இருக்கும் பர்னர் அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பர்னருக்கு அந்தச் சிறிய கூடுதலே அதிகம்.

பிரிட்டனில் கீல் பல்கலைக்கழக வளாகத்தில் 2019-இலும், அதன்பின் 2021-22-இல் கேட்ஸ்ஹெட் அருகே வின்லட்டன் என்ற ஊரில் 668 வீடுகளிலும் 20 சதவீதம் வரை கலந்து வெற்றிகரமாக வழங்கினார்கள் என்பதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு விவரம் இருக்கிறது. ஐரோப்பாவில் 1990-களிலிருந்து விற்பனைக்கு வரும் எரிவாயுக் கருவிகளைச் சான்றளிப்பதற்கு முன், சுடர் பின்வாங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே 23 சதவீத ஹைட்ரஜன் கலந்த ஒரு சோதனை வாயுவில் எரித்துப் பார்ப்பார்கள். அந்த வாயுவுக்கு ஜி222 என்று பெயர். அதாவது வின்லட்டன் வீடுகளில் இருந்த அடுப்புகளும் கொதிகலன்களும் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட கலவையில் தேறிய வகைகள். போதாததற்கு, கலவை தொடங்குமுன் வீடு வீடாகச் சென்று கருவிகளைச் சோதித்தார்கள். நம் வீட்டில் ஜெட் மாற்றிய அடுப்போ, மாற்றப்பட்ட பிறகு எந்தச் சோதனை வாயுவையும் கண்டதில்லை. அங்கே கிடைத்த 20 என்ற எண்ணை இங்கே அப்படியே எடுத்து வைக்க முடியாமைக்கு இதுவே முதற்காரணம்.

நல்ல பக்கமும் உண்டு. கலவையில் வெப்பம் குறைவதால் ஒரே பர்னரில் காற்றின் பங்கு சற்றுக் கூடும். எனவே கார்பன் மோனாக்சைடு உண்டாவது பெரும்பாலும் குறையும். குளியலறைக்குள் எரிவாயு கீசர் வைத்திருப்பவர்களுக்கு இது சிறிய ஆறுதல். ஆனால் அந்தக் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் வைத்திருப்பதே எந்த வாயுவிலும் உயிராபத்து என்பதால் அந்த ஆறுதலை நம்பிக் கதவைச் சாத்த வேண்டாம். சுடர் கண்ணுக்குத் தெரியாமல் எரியும் என்ற பயமும் தூய ஹைட்ரஜனுக்கே பொருந்தும். 80 சதவீதம் மீத்தேன் இருக்கும்வரை நீலச் சுடர் தெரியும். வாசனைக்காகச் சேர்க்கும் மெர்காப்டன் வகைப் பொருளும் இந்தக் கலவையில் வழக்கம்போல் மூக்குக்கு எட்டும்.

சிறு தீயில் உள்ளே போய் எரியும் அந்த அடுப்பை, ஹைட்ரஜனுக்காகக் காத்திருக்காமல், இந்த வாரமே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

தாராவி வண்டிக்காரர்:

வீட்டுக்காரர்கள் அடுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இரண்டு சி.என்.ஜி. டாக்சிகளும் ஓர் ஆட்டோவும் வைத்துத் தொழில் செய்பவன். பம்புக்கு வரும் வாயுவும் உங்கள் வீட்டுக்கு வரும் வாயுவும் ஒரே வலையமைப்பில்தான் ஓடுகின்றன. குழாயில் ஹைட்ரஜன் கலந்தால் அது என் வண்டியின் சிலிண்டருக்கும் வந்துவிடாதா? டெல்லியில் 18 சதவீதம் கலந்து பேருந்து ஓட்டினார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது உண்மையென்றால் எங்கள் வண்டிகளுக்கும் ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பவாய் உலோகவியல்:

அண்ணா, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். உலோகங்களில் ஹைட்ரஜனின் விளைவுகளை ஆராயும் மாணவி என்ற முறையில், இந்த இழையில் எல்லாரும் சதவீதத்தையே பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

எஃகுக்குச் சதவீதம் தெரியாது. அதற்குத் தெரிவது ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் மட்டும். அதாவது மொத்த அழுத்தத்தில் ஹைட்ரஜனின் பங்கு. ஹைட்ரஜன் மூலக்கூறு எஃகின் பரப்பில் அணுக்களாகப் பிரிந்து, உள்ளே நுழைந்து, விரிசலின் நுனியில் சேர்ந்துகொண்டு, அந்த இடத்தை நொறுங்கும் தன்மையுடையதாக்குகிறது. இதே 5 சதவீதக் கலவையை மூன்று இடங்களில் வைத்துப் பார்ப்போம். வீட்டு அடுப்புக்கு வரும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிட 21 மில்லிபார்தான் கூடுதல்; வெளிக்காற்றின் ஏறத்தாழ 1 பாரையும் சேர்த்தால் அங்கே ஹைட்ரஜனின் பங்கு 0.05 பார் அளவு. தெருவுக்கடியில் ஓடும் பாலித்தீன் குழாயில் 4 பார். காற்றழுத்தத்தையும் சேர்த்தால் அதில் பங்கு 0.25 பார், அதுவும் அது எஃகே இல்லை. உங்கள் வண்டியின் சிலிண்டரில் 200 பார். அங்கே ஹைட்ரஜனின் பங்கு 10 பார். சதவீதம் ஒன்றுதான். எஃகு உணரும் ஹைட்ரஜன் சமையலறைக் குழாயைவிட ஏறத்தாழ இருநூறு மடங்கு.

அழுத்தம் மட்டும் போதாது, அது ஏறி இறங்குவதும் சேர்ந்தால்தான் விரிசல் வளரும். நீண்ட தூரக் குழாயில் அழுத்தம் மெதுவாக, சிறிய அளவில் மாறும். டாக்சியின் சிலிண்டரோ தினமும் ஓரிரு முறை ஏறக்குறையக் காலியாகி மீண்டும் 200 பாருக்கு நிரம்புகிறது. இப்படிச் சுமை ஏறி இறங்குவதால் உண்டாகும் சோர்வு விரிசலை வளர்க்க இதைவிட வசதியான ஏற்பாட்டை யாரும் செய்துதர முடியாது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் உள்ளிட்ட இடங்களில் நடந்த சோதனைகளில், ஹைட்ரஜன் சூழலில் குழாய் எஃகுகளின் சோர்வு விரிசல் பத்து மடங்கையும் தாண்டிய வேகத்தில் வளர்வது பதிவாகியிருக்கிறது. பகுதி அழுத்தம் 1 பார் போன்ற சிறிய அளவாக இருந்தாலும் விளைவு மறைவதில்லை.

இதனால்தான் வாகனச் சிலிண்டர்களுக்கான ஐ.நா. விதி 110, 950 மெகாபாஸ்கலுக்கு மேல் இழுவலிமை (இழுத்தால் அறாமல் தாங்கும் திறன்) கொண்ட எஃகில் செய்த சிலிண்டரானால், வாயுவில் ஹைட்ரஜன் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எஃகின் வலிமை கூடக் கூட ஹைட்ரஜனுக்கு அது எளிதாக இரையாகும் என்பது இத்துறையில் எல்லாரும் அறிந்த முரண். ஆகவே சமையலறைக்கு மிதமான அளவாகத் தோன்றும் 5 சதவீதம் உங்கள் சிலிண்டருக்கு எல்லை தாண்டியதாக இருக்கக்கூடும்.

டெல்லிப் பேருந்துகளின் கதை வேறு. 2020 அக்டோபரில் ராஜ்காட் பணிமனையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், 18 சதவீத ஹைட்ரஜனை நகரக் குழாயில் யாரும் செலுத்தவில்லை. பணிமனையிலேயே ஒரு சிறிய ஆலை வைத்து, வந்து சேர்ந்த எரிவாயுவின் ஒரு பகுதியை அங்கேயே வேதிமுறையில் மாற்றி ஹைட்ரஜனாக்கி, தனி நிரப்பு நிலையத்தின் வழியாக, தேர்ந்தெடுத்த 50 பேருந்துகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். எந்த வண்டிக்கு எந்த வாயு போகிறது என்பது அங்கே ஒருவர் கையில் இருந்தது. பொதுக் குழாயில் கலந்துவிட்டால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும்.

முலுண்டு மூத்தவர்:

மாணவி சொல்வது புரிகிறது. அப்படியானால் வீடுகளுக்கு மட்டும் கலந்த வாயுவை அனுப்பி, பம்புகளுக்குக் கலக்காததை அனுப்ப வழியே இல்லையா? காவாஸில் எப்படிச் செய்கிறார்கள்?

செம்பூர் ஓய்வாளர்:

வழி உண்டு. காவாஸ் ஒரு மூடிய குடியிருப்பு. ஹைட்ரஜன் உற்பத்தி, கலக்கும் இடம், பயன்படுத்தும் வீடுகள் எல்லாம் ஒரே வளாகத்தைச் சேர்ந்தவை. கலந்த வாயு வேறெங்கும் போய்விடாது.

நகரத்தில் அதற்கு இணையான இடம் வட்டார அழுத்தக் குறைப்பு நிலையம்தான். சி.என்.ஜி. பம்புகள் பெரும்பாலும் உயர் அழுத்த எஃகுக் குழாயிலிருந்து நேராக எடுத்துக்கொள்கின்றன. வீடுகளோ அந்த எஃகுக் குழாயிலிருந்து நிலையத்தின் வழியாக 4 பாருக்கு இறங்கிய பாலித்தீன் குழாயிலிருந்து எடுக்கின்றன. நிலையத்துக்குப் பின்னால் ஹைட்ரஜனைச் செலுத்தினால் பம்பு தப்பிக்கிறது, எஃகும் தப்பிக்கிறது. பாலித்தீன் சுவரின் வழியாக ஹைட்ரஜன் மீத்தேனைவிட நான்கைந்து மடங்கு எளிதாக ஊடுருவும் என்றாலும், மொத்த அளவில் அது புறக்கணிக்கத்தக்கது. பம்பைவிடவும் ட்ராம்பேயில் உள்ள உரத் தொழிற்சாலை போன்ற பெரிய நுகர்வோரும் உயர் அழுத்தக் குழாயில்தான் இருப்பார்கள் என்பதால், மேலே, அதாவது நிலையத்துக்கு முன்பே, கலப்பது அவர்களையும் உள்ளே இழுக்கும். கீழே, அதாவது நிலையத்துக்குப் பின்னால், கலப்பது இழுக்காது.

கீழே கலப்பதற்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. காலை ஏழு மணிக்கு ஒரு பகுதியின் எல்லா அடுப்புகளும் எரியும். பின்னிரவு இரண்டு மணிக்கு ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். ஹைட்ரஜன் செலுத்தும் வால்வு அந்த ஓட்டத்தை நொடிக்கு நொடி பின்தொடர வேண்டும். ஓட்டம் நின்ற நேரத்தில் வால்வு கொஞ்சம் திறந்திருந்தாலும், குழாயின் அந்தத் துண்டில் 5 சதவீதத்துக்குப் பதிலாக 30, 40 சதவீதக் கலவை உட்கார்ந்திருந்து, காலையில் முதலில் காபிக்கு அடுப்பேற்றும் வீட்டுக்குப் போய்ச் சேரும். கலந்த வாயு தானாகப் பிரிவதில்லை என்று முன்பு சொன்னேன். சரியாகக் கலக்கப்படாத வாயு தானாகச் சரியாவதும் அவ்வளவு விரைவில் நடப்பதில்லை. கீலில் கலவைப் பகுப்பாய்வுக் கருவியை வைத்து, அளவு மீறினால் ஹைட்ரஜன் உடனே நிற்கும்படி செய்திருந்தார்கள். சங்கத்தின் கடிதத்தில், சராசரிச் சதவீதம் எவ்வளவு என்று கேட்பதைவிட, எந்த நொடியிலும் தாண்டாத உச்சம் எவ்வளவு, தாண்டினால் எது தடுக்கும் என்று கேட்பது பயனுள்ளது.

அந்தேரி கணக்கர்:

பாதுகாப்பைப் பற்றிய இழையில் பணத்தைப் பேசுவதற்குப் பொறுத்தருள்க. நம் பில் கன மீட்டரில் வருகிறது. ஓய்வாளர் ஐயாவின் கணக்குப்படி 20 சதவீதக் கலவையில் ஒரு கன மீட்டரின் வெப்பம் 14 சதவீதம் குறைந்தால், அதே சமையலுக்கு ஏறத்தாழ 16 சதவீதம் கூடுதல் கன மீட்டர் செலவாகும். விலையை வெப்ப அளவில் நிர்ணயிக்காவிட்டால் வேறுபாடு நம் பையிலிருந்துதான் போகும். இத்தனைக்கும் கரியமில வாயு குறைவது ஏழு சதவீதம் அளவே.

செம்பூர் ஓய்வாளர்:

கணக்கு சரி. 5 சதவீதக் கலவையில் வெப்பக் குறைவு மூன்றரை சதவீதத்துக்குள் இருக்கும். இதில் பாதுகாப்பைத் தொடும் ஒன்றும் உண்டு. 20 சதவீதத்தில் அடுப்பின் சூடு ஐந்து சதவீதம் அளவு குறையும். தீ போதவில்லை என்று தோன்றினால் மக்கள் செய்வது என்ன? தெருமுனை அடுப்புக் கடைக்காரரை அழைத்து, ஜெட்டின் துளையை ஊசியால் பெரிதாக்கச் சொல்வார்கள். பிறகு எப்போதாவது கலவை நின்று தூய எரிவாயு வந்தால், அந்த அடுப்பு அளவுக்கு மீறி எரியும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு கூடும். ஹைட்ரஜனைவிட அந்த ஊசியைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம்.

பவாய் உலோகவியல்:

அளவைப் பற்றிய விவாதத்துக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். பிரிட்டிஷ் முடிவு 20 என்று இருந்தாலும், எல்லாரும் அங்கே வந்து நிற்கவில்லை. கலிஃபோர்னியாவில் மின்சாரம், எரிவாயு போன்ற பொதுச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்காக ரிவர்சைடு பல்கலைக்கழகம் 2022-இல் அளித்த ஆய்வு, 5 சதவீதம் வரை பொதுவாகப் பாதுகாப்பானது என்றும், அதற்குமேல் கசிவும் எஃகு நொறுங்கும் வாய்ப்பும் கூடும் என்றும், வீட்டுக் கருவிகளை மாற்ற வேண்டிவரலாம் என்றும் சொல்கிறது. ஒன்று சரி, மற்றது தவறு என்று நினைக்க வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு குழாய்களையும் வெவ்வேறு கருவிகளையும் பார்த்துச் சொன்ன எண்கள். இந்தியாவில் அரசு எரிவாயு நிறுவனமான கெயில் 2022 ஜனவரியில் இந்தூரில் 2 சதவீதத்தில் தொடங்கியதை நான் பாராட்டுகிறேன். அந்த அளவில் சிலிண்டருக்கான எல்லையும் மீறப்படுவதில்லை.

தாராவி வண்டிக்காரர்:

அப்படியானால் என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை சிலிண்டரை நீரழுத்தச் சோதனைக்குக் கொடுக்கிறோம். கலந்த வாயு பம்புக்கும் வருவதாக இருந்தால், அந்த இடைவெளியைக் குறைப்பீர்களா, சிலிண்டரின் எஃகு வகையைப் பார்த்து அனுமதிப்பீர்களா என்று எங்கள் ஓட்டுநர் சங்கமும் எழுதிக் கேட்கும்.

மாட்டுங்கா செயலாளர்:

எல்லாருக்கும் நன்றி. கடிதத்துக்கான என் வரைவு இப்படி நிற்கிறது: ஹைட்ரஜன் எந்த நிலையத்துக்குப் பின்னால் கலக்கப்படும், அந்த நிலையத்திலிருந்து எந்த சி.என்.ஜி. பம்பாவது வாயு எடுக்கிறதா. நொடி அளவில் உச்ச வரம்பு என்ன, அதை எந்தக் கருவி காக்கும். தொடங்குமுன் எங்கள் கட்டடத்தின் ஒவ்வோர் அடுப்பையும் கீசரையும் யார் வந்து, எந்தக் கலவையில் எரித்துப் பார்ப்பார்கள். தேறாத அடுப்பை யார் செலவில் மாற்றுவார்கள். பில் வெப்ப அளவில் வருமா. சுவரில் ஏறும் குழாயைப் பற்றிய பத்தியை நீக்கிவிட்டேன்.

செம்பூர் ஓய்வாளர்:

நீக்க வேண்டாம், சுருக்குங்கள். ஹைட்ரஜனுக்காகச் சொல்லவில்லை; கடற்காற்றிலும் மழையிலும் அரித்துப்போன மரையிணைப்பு இன்றைய வாயுவிலேயே கசியும், கலவை அதை இன்னொரு பத்து சதவீதம் கூட்டும். கலவை தொடங்குமுன் வெளிக்குழாய் முழுவதையும் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புறாவுக்குப் பயந்து சமையலறையின் மேல் காற்றுத் திறப்பை அட்டை வைத்து அடைத்திருப்பவர்கள் அதை எடுக்க வேண்டும். இந்த வாயு இலேசானது, வெளியேறுவது மேல் வழியாகத்தான். வலை கட்டுங்கள், அடைக்காதீர்கள்.

மற்றொன்று, கசிவு எச்சரிக்கைக் கருவி. வினையூக்கி வகைக் கருவி ஹைட்ரஜனையும் மீத்தேனையும் சேர்த்து உணரும். அகச்சிவப்பு வகைக்கு ஹைட்ரஜன் கண்ணிலேயே படாது. கலவை கசிந்தால் மீத்தேன் பங்கை மட்டும் காட்டி, உண்மையைவிடக் குறைவான எண்ணைச் சொல்லும். கசிவு பார்க்க வரும் பணியாளர் கையில் வைத்திருப்பது எந்த வகை என்று கடிதத்தில் கேளுங்கள். வீட்டில் மாட்டியிருக்கும் கருவி எந்த வகை என்பது அதனோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும்.

சயான் சமையற்கட்டு:

எங்கள் வீட்டுக் கருவியின் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். வினையூக்கி வகை என்று போட்டிருக்கிறது. அந்த "டப்" அடுப்புக்குப் பர்னர் மூடி புதிதாக மாற்றியாயிற்று. சிறு தீயில் இப்போது வெளியிலேயே நின்று எரிகிறது.